புறங்கை

முதலில் புறங்கை, பிறகுதான் உள்ளங்கை. கலசப்பாக்கத்திலிருந்து மலையேறி வரும் பஸ்ஸின் கம்பி, டீக்கடையின் எவர்சில்வர் டம்ளர், சந்தையில் தராசுத் தட்டு, ரேஷன் கடைத் தாழ்ப்பாள், எதுவாக இருந்தாலும் அக்கா வலது கையைத் திருப்பி விரல் முட்டிகளால் லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் கையைத் திருப்பிப் பிடிப்பாள். "இன்னாம்மா, டம்ளருக்கு ஜொரம் கீதான்னு பாக்குறியா?" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்வார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரித்ததில்லை. அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாதி என்னால் வந்தது, பாதி என் முதலாளியால் வந்தது.

எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். எழுபதுகளில் ஜவ்வாது மலைமேல் ஓர் ஊருக்குக் கரண்ட் வந்த கையோடு, எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே சாமை அரைக்கும் மில் போட்டார். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிப் போனார். எனக்கு அப்போது முப்பது வயது. அதுவரை உரலில் குத்திக் கை காய்த்துப் போயிருந்த பெண்கள் தலையில் கூடையோடு வந்து வரிசையில் நின்றார்கள். தானியத்தைத் தொட்டியில் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கு வந்தவர்தான் அக்காவின் புருஷன். கூடப் பிறந்த அக்கா இல்லை, மலைமேல் போய் நான் அப்படிக் கூப்பிட்டுப் பழகியவள். அதிகம் பேசாத மனுஷன். கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தால்கூட டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறவர்.

இதை இப்போது சொல்கிறேன். சொல்லவேண்டிய அன்றைக்குச் சொல்லவில்லை.

மில் வேலையில் நான் பெரிய சூரன் என்று எனக்கு நினைப்பு. மெயின் பலகையில் இருக்கும் பியூஸ் அடிக்கடி போனது. "தெனம் தெனம் இன்னாடா இது, கெட்டியா போடுடா" என்றார் முதலாளி. நாலு இழையை முறுக்கிக் கெட்டியாகப் போட்டேன். அப்புறம் அது போகவே இல்லை. அதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கசியும் கரண்ட்டை மண்ணில் இறக்க மோட்டாரிலிருந்து ஓர் எர்த் கம்பி வெளியே ஒரு குழிக்குப் போகும். இரண்டு அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை, வெறும் பாறை. உப்பும் கரியும் போட்டு மூடி, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். வெயில் காலத்தில் ஊற்றினேன். மழைக்காலம் வந்ததும் வானமே ஊற்றுகிறதே, நான் எதற்கு என்று விட்டுவிட்டேன். வரிசையில் நிற்கும் பெண்கள் நனையாமல் இருக்க முதலாளி தகரக் கூரையை நீட்டிவிட்டிருந்தார். குழி அந்தக் கூரைக்கு அடியில் இருந்தது. ஊரெல்லாம் ஐப்பசி மழை கொட்டியது, குழியில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. மில்லுக்குள்ளே ஓட்டை வழியாக ஒழுகித் தரை சேறாகக் கிடந்தது.

அன்றைக்குத் தொட்டியின் தகர விளிம்பைப் பிடித்தபடி வெறுங்காலோடு நின்ற அக்காவின் புருஷன் அப்படியே நின்றார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அப்புறம்தான் விழுந்தார். உயிர் போயிருந்தது.

விரல்கள் மூடியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளங்கையில் குறுக்கே கருப்பாக ஒரு கோடு, தொட்டி விளிம்பின் கனத்துக்கு. முதலாளி எட்டிப் பார்த்தார். "மூடுடா அத" என்றார். மூடினேன். அவருடைய துண்டையே எடுத்து அந்தக் கையில் சுற்றினேன். விசாரிக்க வந்தவர்களிடம் முதலாளி, "காலைலயே ஊத்திகினு வந்தான், சேத்துல வழுக்கி வுழுந்தான்" என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "வாயில வாடை அடிச்சுதுங்க" என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். அன்று மதியமே மில் ஓடியது.

வீட்டில் அக்கா துண்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மில்லுக்கு வந்தாள். அழுத கண் இல்லை. "தம்பி, வாடை அடிச்சுதுன்னு சொன்னியாமே. இன்னா வாடை?" என்று கேட்டாள். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போய்விட்டாள்.

ஊருக்கு அவள் வீடு அடையாளமாகிப்போனது. புதிதாக வருபவர்களுக்கு வழி சொல்லும்போது, "குடிகாரன் வூட்டுக்கு மேலாண்ட போங்க" என்பார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷனின் வீடு அது. அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை, வழிதான் சொன்னார்கள். அதுதான் இன்னும் மோசம்.

இதற்குப் பிறகு அவள் எங்கள் மில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வசதியாகவும் இருந்திருக்கும். அவள் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. ஒரு முறைகூடத் தவறாமல் சாமைக்கூடையோடு வந்தாள். முறம், கூடை, அளக்கிற படி எல்லாவற்றையும் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்தாள். தொட்டி பக்கம் மட்டும் போகவில்லை. கூட நின்ற ஒருத்தி, "ஏங்கா, வூட்லயே குத்திக்கக் கூடாதா? இங்க வர ஒனக்கு எப்டி மனசு வர்து?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. "அவுங்க கண்ணுல நான் பட்டுகினே இருக்கணும்" என்றாள்.

ஆறு வருஷம் பட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சண்டை இல்லை, ஒரு சாபம் இல்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வரிசையில் நின்றபடி என் முதுகைப் பார்ப்பாள். திரும்பாமலே எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் முதலாளிக்கு ஆசை வந்தது, இரண்டாவதாக ஒரு மிஷின் போட. அதற்கு அனுமதி கொடுக்க மின்சார ஆய்வாளர் ஒருவர் கீழேயிருந்து வந்தார். அன்றைக்குத் தூறல். ஷாக் அடிக்காமல் இருக்க மழை நாளில் தொட்டிக்கு அடியில் போடும் காய்ந்த சாக்கை முதலாளி அன்று தரை முழுக்க விரித்தார். பெண்கள் யாரும் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அக்கா வந்தாள். இடுப்பில் கூடை. யாரும் தடுப்பதற்குள் சாக்கை விட்டு விலகி ஈர மண்ணில் காலை ஊன்றினாள். ஆறு வருஷமாகக் கிட்டே போகாத அந்தத் தொட்டியைப் புறங்கையால் தொட்டாள்.

கையைத் தூக்கி எறிந்தது. கூடையோடு போய்ச் சுவர் ஓரம் விழுந்தாள். சாமை தரையெல்லாம் சிதறியது. நான் தூக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டாள். தானே எழுந்து ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, என் வாய மோந்து பாருங்க. நான் குடிச்சிருக்கனான்னு சொல்லுங்க."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? உள்ளங்கையால பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? கரண்ட் அடிச்சா கை மூடிக்கும், விடாது."

"தெரியுங்க. எங்க வூட்டுக்காரரு கை மூடிகினுதான் வூட்டுக்கு வந்துச்சு. அதனாலதான் இப்டி திருப்பித் தொட்டேன்."

முதலாளி குறுக்கே விழுந்து ஏதோ சொல்ல வந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு பலகையைத் திறந்தார். என்னுடைய நாலு இழை முறுக்கை வெளியே உருவி எல்லோருக்கும் காட்டினார். குழியைத் தோண்டிப் பார்த்தார். புழுதியாக இருந்தது. ஒரு கருவியை வைத்து அளந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி ஊத்தினாலும் இந்தப் பாறையில பத்தாது. பியூஸ் நல்லதா இருந்தாக்கூட போகாது. ஆள்தான் போவான்" என்றார். அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டித்தார். புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதை வாங்கி மாட்டினால்தான் மில் ஓடும் என்றார்.

பழைய சாவைப் பற்றி அக்கா கேட்டாள். "அந்தக் காகிதத்தை மூடிட்டாங்கம்மா. அது என் கையில இல்ல" என்று வருத்தமாகத்தான் சொன்னார். அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. "செரி, அந்தப் பொட்டி இன்னா பண்ணும்? அதச் சொல்லுங்க" என்றாள்.

"மோட்டாருக்குப் போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். துளி குறைஞ்சாலும் யாரோ உடம்பு வழியா மண்ணுக்குப் போகுதுன்னு எடுத்துக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நிறுத்திடும்."

அக்கா யோசித்தாள். "ஆட்டுப்பட்டி மாதிரி சொல்றீங்க. காலைல பட்டிய வுட்டுப் போனது சாயங்காலம் ஒண்ணு கொறைஞ்சா, எல்லா வேலையும் நிறுத்திட்டுத் தேடப் போவோம்."

"அதேதான்."

"எங்க வூட்டுக்காரரு போனாரு, திரும்பல. இந்த மில்லு ஒரு நாளு கூட நிக்கலீங்க."

ஆய்வாளர் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்தார். முதலாளி வெளியே போய் வெற்றிலை எச்சில் துப்பினார்.

பெட்டி வேலூரிலிருந்து வந்தது. கையளவு கருப்புப் பெட்டி, நடுவில் ஒரு நெம்புகோல், ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். மாட்டிய நாளில் ஆய்வாளர் மறுபடி வந்தார். அந்தப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கவேண்டும், அழுத்தினால் மில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பெட்டி வேலை செய்யவில்லை என்றார். "யார் பொறுப்பு?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான் வர்றேங்க" என்றாள் அக்கா. ஆய்வாளர் முதலாளி பக்கம் திரும்பி, "இந்த அம்மாவே அழுத்தட்டும். அழுத்த விடலைன்னு கேள்விப்பட்டா மறுபடி வருவேன்" என்றார்.

மாதத்தின் முதல் சந்தை நாளை அவள் தேர்ந்தெடுத்தாள். மில்லில் அன்றுதான் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். வருவாள். எல்லோரும் வழிவிடுவார்கள். தொட்டியை ஒரு தட்டு, மோட்டாரை ஒரு தட்டு, பலகையை ஒரு தட்டு. அப்புறம் பொத்தானை அழுத்துவாள். பெல்ட் தளர்ந்து, சக்கரம் மெல்ல மெல்ல நின்று, அந்த இரைச்சல் மொத்தமும் அடங்கும். கூடையோடு நிற்பவர்களின் மூச்சு கேட்கும். அந்த அமைதியில் அவள் முதலாளியைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்பாள்.

"இன்னாங்க மொதலாளி, மில்லு குடிச்சுட்டு வுழுந்துடுச்சுங்களா?"

முதல் தடவை சிலர் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "அன்னிக்கி இன்னா நடந்துதுடி?" என்று மெதுவாகக் கேட்பதைக் கேட்டேன். அந்த நாள் நெருங்கும்போதே முதலாளி, கணியம்பாடியில் வேலை இருக்கிறது, அங்கே போகிறேன் இங்கே போகிறேன் என்று கிளம்பிவிடுவார். அவர் வரும்வரை அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். அவர் வந்த பிறகுதான் அழுத்துவாள்.

ஒரு ஐப்பசியில் பெட்டி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மோட்டாரில் ஈரம் ஏறியிருக்கவேண்டும். போட்டால் விழுகிறது, போட்டால் விழுகிறது. காயவைக்கவேண்டும் என்றேன். "அவளும் அவ பொட்டியும்! நேரா குடுடா லைன" என்று முதலாளி கத்தினார். நான் செய்தேன். ஆமாம், அதற்குப் பிறகும் செய்தேன். கரண்ட் பெட்டிக்குள் போகாமல் நேராகப் போக, பெட்டிக்கு மேலிருந்து கீழே துண்டுக் கம்பிகளை இழுத்துவிட்டேன். மில் ஜோராக ஓடியது.

சந்தை நாளில் அக்கா வந்தாள். தட்டினாள், அழுத்தினாள். பெட்டியின் நெம்புகோல் கீழே விழுந்தது. மில் நிற்கவில்லை.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. வெளியே போய் வரிசையின் முன்னால் நின்று, "பட்டி தொறந்து கெடக்குது. எவளும் உள்ள போவாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். முதலில் ஒரு கிழவி கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. கால் மணி நேரத்தில் வாசல் காலி. முதலாளி ஆட்டம் ஆடினார், ஊரையே திட்டினார். வெறும் மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. நான் மெயினை இறக்கிவிட்டு அந்தக் கம்பிகளைப் பிடுங்கினேன். அவர் சொல்லிச் செய்யவில்லை. அந்த மில்லில் நானாகச் செய்த முதல் காரியம் அதுதான். கம்பிகளைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கவில்லை. புறங்கையால் தட்டிக் கீழே தள்ளினாள்.

மோட்டாரைக் கழற்றி இரண்டு நாள் வெயில் காட்டி மாட்டினேன். மறு வாரமே மறுபடி மழை. கூட்டம் திரும்பி வந்திருந்தது, வரிசையில் அக்காவும் இருந்தாள். தொட்டியில் தானியம் அடைத்துக்கொண்டது. முதலாளிக்கு அன்று எல்லார்மேலும் கோபம். செருப்பை வாசலில் விட்டவர் வெறுங்காலோடு வந்து, "தள்ளுடா" என்று என்னை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்து உலுக்கினார்.

'டக்'கென்று ஒரு சத்தம். மில் நின்றது. முதலாளி சேற்றில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு வாங்கினார். உயிர் இருந்தது.

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். நிதானமாக வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். குனிந்து, அவர் வாய்க்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய், இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வாடை ஒண்ணும் இல்லீங்களே."

அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ வா தம்பி. நீதான் வாடை புடிக்கிறதுல கெட்டிக்காரன். மோந்து பாத்து சொல்லு."

போனேன். மண்டியிட்டேன். வெற்றிலையும் புகையிலையும் மணந்தது. ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். மழை தகரத்தில் அடிக்கிறது.

"இல்லக்கா" என்றேன். "கரண்டு."

"இன்னிக்கா?"

"அன்னிக்கும் கரண்டுதான். கையில கருப்பா கோடு இருந்துச்சு. நான்தான் மூடி துண்டு சுத்துனேன். வாடை அடிச்சுதுன்னு நான் சொன்னது பொய்."

ஏழு வருஷம் தொண்டையில் கிடந்தது ஏழு விநாடியில் வெளியே வந்துவிட்டது. அவள் என்னை விட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது. "கரண்டுதான்" என்றார், கேட்டும் கேட்காமலும்.

"சத்தமா சொல்லுங்க மொதலாளி. மில்லுதான் நின்னுபோச்சே, எல்லாருக்கும் கேக்கும்."

சேற்றில் கிடந்தபடியே சத்தமாகச் சொன்னார். கடைசி ஆள்வரை கேட்டது. எனக்கு அவர்மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. நன்றாக வேண்டும் என்றிருந்தது. அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை, சிரிக்கவில்லை. தன் கூடைக்குப் போய், "மோட்டார காயவச்சுட்டு சொல்லி அனுப்பு தம்பி. சாமை அப்டியே கெடக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தப் பொங்கலுக்குள் ஊர் வழி சொல்லும் விதம் மாறியிருந்தது. "கரண்டு அடிச்சவரு வூட்டுக்கு மேலாண்ட போங்க" என்றார்கள். டீக்கடையில் அவள் இருக்கும்போதே ஒருவர் அப்படிச் சொன்னார். அவள் டம்ளரைத் தட்டிப் பார்த்து எடுத்து டீயைக் குடித்தாள்.

கணக்குத் தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த மாதம் முதல் சந்தை நாளில் வந்து நின்றாள். தட்டினாள், அழுத்தினாள், மில் நின்றது. இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் சும்மா நின்றாள். என்னால் பொறுக்கமுடியவில்லை. "யக்கா, அதான் எல்லாரு முன்னாடியும் சொல்லியாச்சே. இன்னும் எதுக்கு?" என்றேன்.

"நீ சொல்ட்ட, அவுரு சொல்ட்டாரு. போனவரு வர்லியே."

சந்தவாசலில் இப்போது எனக்குச் சொந்த வீடு. பலகையில் அதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. மாதம் ஒரு தடவை அழுத்துவேன். பாதி சீரியலில் டிவி அணைந்ததும் என் மனைவி, "ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?" என்று கத்துவாள். ஃபேன் சுற்றி நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் மறுபடி போடுவேன்.

நான் மில்லை விட்டு ஒரேயடியாகக் கீழே இறங்கிய நாளில் அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தாள். என்னை வழியனுப்பத்தான் வந்தாளா, அவளுக்கே வேறு வேலை இருந்ததா, கேட்கவில்லை. "போய்ட்டு வர்றேங்கா" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். தன் வலது கையைத் திருப்பி, முட்டிகளால் என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். எந்தப் பொருளாக இருந்தாலும் அடுத்து கையைத் திருப்பிப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டியபடியே இருந்தேன். பஸ் கிளம்பி முதல் வளைவு திரும்பும்வரை நீட்டியிருந்தேன். அவள் பிடிக்கவில்லை.